கடன், காணிக்கை, கையிருப்பு: சபையார் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

கூட்டுறவு வங்கி ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பதினொரு ஆண்டுகள் நகைக்கடன் மேசையில். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சேகரத்தின், அதாவது ஒரே போதகரின் கீழுள்ள சபைகளின், கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பை மாட்டும் நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் வரும். "அண்ணாச்சி, ஒரு நிமிடம்" என்று ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஒரே சந்தேகம் பல வாய்களிலிருந்து வருவதால் எழுதி வைக்கிறேன். நான் போதகர் அல்ல. வேதத்தை வாசித்துப் புரிந்துகொண்டதும், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணால் பார்த்ததும்தான் இங்கே இருக்கின்றன.

கடன் வாங்குவது பாவமா, அண்ணாச்சி?

பாவம் என்று வேதம் சொல்லவில்லை. ஏழைச் சகோதரனுக்குக் கையைத் திறந்து கடன் கொடு என்று உபாகமம் 15 சொல்கிறது. வாங்குவதே பாவமானால் கொடுக்கச் சொல்லியிருக்குமா? "ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்" என்ற ரோமர் 13:8ஐ எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அதற்கு முந்தைய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: வரி செலுத்த வேண்டியவனுக்கு வரியைச் செலுத்துங்கள், யாருக்கு எது சேரவேண்டுமோ அதைக் கொடுத்துவிடுங்கள் என்கிறார் பவுல். செலுத்த வேண்டியதை வைத்துக்கொண்டு இழுத்தடிக்காதே என்பதே அங்கே பேச்சு. "துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்று சங்கீதம் 37:21 சொல்வதும் அதைத்தான்.

பாவமில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை" என்கிறது நீதிமொழிகள் 22:7. அந்தக் காலத்தில் அது வெறும் உவமை அல்ல. 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் கடன்காரன் ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளை அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடனாளியைக் கண்டிக்கும் வசனங்களைவிட, கடன் கொடுப்பவனின் கையைக் கட்டும் வசனங்களே வேதத்தில் அதிகம் என்பது என் வாசிப்பு. ஏழையிடம் வட்டி வாங்காதே. அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாயும்முன் திருப்பிக் கொடு. மாவரைக்கும் கல்லை அடகு வாங்காதே, அது அவன் பிழைப்பு. அடகை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில். இப்படிக் கடனாளியின் மானத்தைக் காத்த தேவனுக்கு முன்பாக, கடன் இருக்கிறது என்பதற்காகவே கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்காருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

தெரிந்தவர் மூன்று வட்டிக்குத் தருகிறார். வங்கியில் 12 என்கிறார்கள். மூன்றுதானே குறைவு?

இல்லை. பட்டம் பெற்றவர்களும் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள், வெட்கப்பட வேண்டாம். மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கி சொல்லும் 12 ஆண்டுக் கணக்கு. ஒரு லட்சம் வாங்கினால் மாதம் 3,000 வட்டி. 34 மாதம் தவறாமல் கட்டினால் 1,02,000 ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கும். அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். பத்து வட்டிக்கு வாங்கியவருக்கு இது பத்தே மாதத்தில் நடந்துவிடும்.

தவணைக் கடனிலும் ஒரு பொறி உண்டு. ஒரு லட்சம், இரண்டு ஆண்டு, "ஃபிளாட்" 12 சதவீதம் என்பார்கள். மாதம் சுமார் 5,167 ரூபாய் கட்டுவீர்கள். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முழு லட்சத்துக்கே போட்டிருப்பார்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்துக்கும் மேல். "வட்டி ஃபிளாட்டா, குறையும் நிலுவைக்கா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நெகேமியா 5இல், பஞ்சகாலத்தில் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்த ஜனங்களிடமிருந்து பிரபுக்கள் வாங்கிய நூற்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும்படி நெகேமியா கட்டளையிடுகிறார். அது மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்றே பல வேத அறிஞர்கள் கொள்கிறார்கள். ஒரு வட்டிக்கே அந்த மனிதர் அவ்வளவு கோபப்பட்டார்.

வீட்டுக்கடன், படிப்புக் கடன் எல்லாமே தவறு என்றால் நாங்கள் எப்படித்தான் முன்னேறுவது?

தவறென்று நான் சொல்லவே இல்லை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசு கேட்டார் (லூக்கா 14:28). கட்டாதே என்று சொல்லவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார் என்றார். தவணை முடியும்வரை அந்தப் பொருள் இருக்குமா என்று பாருங்கள். வீடு இருக்கும், படிப்பு இருக்கும். பத்துத் தவணை பாக்கியிருக்கும்போதே திரை உடைந்துபோகிற கைப்பேசி இருக்காது.

அடுத்ததாக, சம்பளம் நின்றுவிட்டால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள் என்று பாருங்கள். எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டிய வீடுகள், பெரும்பாலும் அடுத்த கடனுக்காக என் மேசைக்குத் திரும்ப வந்தன. "நாளைக்கு நடப்பது உங்களுக்குத் தெரியாதே" என்று யாக்கோபு வியாபாரிகளிடம் சொன்னது தவணைக்காரர்களுக்கும் பொருந்தும். வீட்டுக்கடன் மாறும் வட்டியில் இருந்தால், முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் வசூலிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. போனஸ் வந்தால் அசலில் கட்டுங்கள்.

நகை பீரோவில் சும்மாதானே கிடக்கிறது? அடகு வைத்துச் சமாளித்தால் என்ன?

மருத்துவச் செலவு போன்ற அவசரத்துக்கு, மூன்று வட்டிக்குப் போவதைவிட வங்கி நகைக்கடன் எவ்வளவோ மேல். எந்த மாதம், எந்தப் பணத்தில் திருப்பப் போகிறீர்கள் என்று தெரிந்தால் வையுங்கள். அது தெரியாதவர்கள்தான் வட்டியை மட்டும் கட்டி மறுபடி மறுபடி வைத்து, கடைசியில் ஏல அறிவிப்பில் நகையைப் பார்க்கிறார்கள்.

ஒரு நாள் எங்கள் சபை அக்கா ஒருவர் வந்தார். காதில் கிடந்த கம்மலை அங்கேயே கழற்றி மேசையில் வைத்தார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்து, நிறுத்து, சீட்டு எழுதும்வரை பேசாமல் நின்றார். பிறகு முந்தானை முடிச்சிலிருந்து துடைப்ப ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து, இரண்டாக ஒடித்து, துளை தூர்ந்துவிடாதபடி இரண்டு காதிலும் செருகிக்கொண்டார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிந்து எடுத்து வந்திருக்கிறார். அடுத்த ஞாயிறு அதே ஈர்க்குச்சிகளோடு திருவிருந்துக்கு முழங்காலிட்டிருந்தார். அந்தக் குச்சிகள் அவர் காதில் ஒன்றரை ஆண்டு இருந்தன. கடன் எதற்கென்று கேட்கிறீர்களா? மகனுடைய நிச்சயதார்த்தச் சாப்பாட்டில் ஒரு வகை கூடுதலாகப் போடுவதற்கு.

வருவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருக்கிறது. இதில் எங்கே சேமிப்பது?

நம் பாட்டிமார் உலையில் அரிசி போடும்முன் ஒரு கைப்பிடியை எடுத்துக் காணிக்கைக் கலயத்தில் போட்டு வைத்தார்கள். மீதி வந்தால் போடலாம் என்று அவர்கள் இருந்திருந்தால் அந்தக் கலயம் நிறைந்திருக்காது. சேமிப்பும் அப்படித்தான், சம்பளம் வந்த அன்று முதலில் எடுத்து வைப்பது. இருநூறு ரூபாயானாலும் சரி. யோசேப்பு எகிப்தில் ஏழு வருட விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்தார். பஞ்சம் வந்தபின் சேர்க்கத் தொடங்கவில்லை. மூன்று மாதச் செலவுக்கான பணம் கையிருப்பில் சேர்ந்துவிட்டால், பாதிக் கடன்கள் உங்கள் வாசற்படி ஏறாது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரே ஒரு மாதம் எல்லாச் செலவையும் எழுதுங்கள். டீ, ரீசார்ஜ், பிள்ளைக்கு வாங்கிய மிட்டாய், எல்லாம். யாரும் கண்டிக்க வேண்டியதில்லை, நோட்டே பேசும். சேர்ந்ததை எங்கே வைப்பது என்றும் கேட்பார்கள். வங்கியில் வைத்தால் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020இல் ஒரு லட்சத்திலிருந்து உயர்த்தினார்கள். சீட்டுப் போடுவதானால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். "நம் சபைக்காரர்தான் நடத்துகிறார்" என்பது பதிவு எண் ஆகாது.

கடன் தீரும்வரை தசமபாகத்தை நிறுத்தலாமா?

எங்கள் ஐயர் (போதகரை அப்படித்தான் அழைப்போம்) நிறுத்தக் கூடாது என்பார்; தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10ஐ அவர் முழு மனதோடு நம்புகிறார், பத்தில் ஒன்றை முதலில் எடுத்து வைப்பவர். நான் அவரை மதிக்கிறேன். ஆனாலும் என் எண்ணம் சற்று வேறு. மாற்கு 7இல், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டார். இன்னொருவருக்குச் சேரவேண்டிய பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு, அவரிடம் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பது எனக்கு அந்த நினைவையே தருகிறது.

அதற்காகக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கடன் தீர்ந்தபின் தொடங்கலாம் என்று விட்டவர்களின் கை திரும்பத் திறப்பது கடினம். 2 கொரிந்தியர் 8:12 எனக்குப் பெரிய ஆறுதல்: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்கிறது. கடன் காலத்தில் சிறிதாகக் கொடுங்கள், தவறாமல் கொடுங்கள். எவ்வளவு என்பதைக் கணவனும் மனைவியும் ஜெபித்து முடிவு செய்யுங்கள். இதில் நான் உங்களுக்குச் சட்டம் போட முடியாது.

கடன் வாங்கியாவது காணிக்கையை விதைத்தால் நூறு மடங்கு திரும்ப வரும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். செய்யலாமா?

செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. இயேசு மெச்சிய ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசும் அவளிடம் இருந்த காசு; கடன் வாங்கிப் போட்டதல்ல. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்று 2 கொரிந்தியர் 9:7 இருக்கும்போது, கண்ணீர் வரவழைத்துக் கையை உயர்த்தச் சொல்லி வாங்கும் காணிக்கை எந்த வகை? திரும்ப வரும் என்ற கணக்கோடு போடுவதற்குப் பெயர் முதலீடு. அதையும் கடன் வாங்கிச் செய்வது சூதாட்டத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

நம் சபைகளும் இதில் முழுக்கக் குற்றமற்றவை என்று சொல்ல மாட்டேன். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது ஒரு தேங்காய் ஆயிரங்களில் போகும். கைதட்டல் சூட்டில் கேட்டுவிட்டு, "எழுதிக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்தப் பாக்கி நோட்டு என்னிடம்தான் இருந்தது. பாக்கியைக் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சத்தில் ஆராதனைக்கே வராமல் போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்கு நானும் ஐயரும் நேரில் போய், நோட்டில் அவர்கள் பெயர் இருந்த வரியை அவர்கள் முன்பாகவே அடித்தோம். இப்போதெல்லாம் அன்றே கட்ட முடிகிறவர்கள் மட்டும் கேளுங்கள் என்று ஏலத்துக்கு முன்பே அறிவித்துவிடுகிறோம்.

மகள் கல்யாணம் என்று வந்தால் கடனில்லாமல் முடியுமா? ஊர் என்ன சொல்லும்?

முடிகிறது. மூன்று ஓலையும், அதாவது கல்யாண அறிவிப்பை மூன்று முறை, சபையில் வாசித்து, ஆலயத்தில் விவாகம் நடத்தி, சபை மண்டபத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டோடு நிறைவாக அனுப்பிய குடும்பங்கள் எங்கள் சேகரத்திலேயே உண்டு. கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சரசம் குறைவுபட்டது; இயேசு அந்த வீட்டைப் பழிக்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை.

கடன்களிலேயே எனக்குப் பொறுக்காதது வரதட்சணைக்காக வாங்குவது. 1961இலேயே சட்டம் தடை செய்துவிட்டது. ஆனாலும் பவுன் கணக்குப் பேசிவிட்டு, பேச்சு முடிந்ததும் "ஜெபித்து முடிப்போம்" என்கிறோம். பையனைப் பெற்றவர்களிடம் கேட்கிறேன்: நீங்கள் கேட்ட நகைக்காகச் சம்பந்தி வீட்டில் ஓர் அம்மா காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு நிற்க வேண்டுமா?

நெருங்கிய நண்பர் ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். விசுவாசியும்கூட. எப்படி மறுப்பது?

"வெறும் கையெழுத்துத்தானே" என்பார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. வங்கி முதலில் உங்களிடமே வரலாம். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம், பிணைப்பட்டவன் வேடனுக்குத் தப்பும் வெளிமானைப் போல ஓடித் தப்ப வேண்டும், அதுவரை தூங்கக்கூட வேண்டாம் என்கிறது.

என் அப்பா உடன் வேலை பார்த்தவருக்குக் கையெழுத்துப் போட்டார். ஆறு ஆண்டுகள் அப்பாவின் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த மனிதரை அப்பா ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் அவர் வீடு இருந்த தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போவார். சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்திருந்த எனக்கு ஏனென்று அப்போது புரியவில்லை.

பவுல் பிலேமோனுக்கு எழுதும்போது அவருடைய அடிமை ஒநேசிமுவுக்காகப் பொறுப்பேற்றாரே என்று ஒரு தம்பி மடக்கினார். நல்ல கேள்வி. பவுல் "நானே அதைச் செலுத்தித் தீர்ப்பேன்" என்று எழுதிக் கொடுத்தார். தானே கட்டுவதாக முடிவு செய்துவிட்டுத்தான் சொன்னார். முழுத் தொகையையும் உங்கள் கையிலிருந்து கட்ட மனமும் பணமும் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால், "கையெழுத்துப் போட முடியாது, இந்த ஐயாயிரத்தை வைத்துக்கொள், திருப்ப வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். நட்பும் நிற்கும், தூக்கமும் நிற்கும்.

சபையில் ஒருவர் கடன் கேட்கிறார். கொடுக்கலாமா? வட்டி வாங்கலாமா?

சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் கேட்டால் வட்டி வாங்காதீர்கள். யாத்திராகமம் 22:25 அதை நேராகவே தடுக்கிறது. வியாபாரத்தைப் பெருக்கக் கேட்பவர் வேறு. அவரை வங்கிக்கு அனுப்புங்கள். ஏழைக்குக் கொடுக்கும்போது, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். அப்போதுதான் திரும்பக் கிடைக்குமென்று எதிர்பாராமல் கடன் கொடுக்கச் சொல்லும் லூக்கா 6:35 நம் வாயில் வெறும் வசனமாக நிற்காது.

என் கணவருக்குத் தெரியாமல் மூன்று குழுக்களில் கடன் எடுத்துவிட்டேன். ஒன்றைக் கட்ட இன்னொன்று. என்ன செய்வேன்?

இன்றைக்கு அவரிடம் சொல்லுங்கள், அம்மா. பயமாக இருந்தால் போதகரின் மனைவி ஐயரம்மாவையோ நம்பிக்கையான மூத்த சகோதரி ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கணவன்மார் மறைப்பதும் குறைவில்லை. அவர்களுக்கும் இதே பதில்தான். ஒரே தாளில் எல்லாக் கடன்களையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு அசல், என்ன வட்டி, எந்தத் தேதி. நான்காவது கடனை எடுக்காதீர்கள். வட்டி அதிகமானதை முதலில் அடைப்பது லாபம். சிறியதை முதலில் முடித்தால் தெம்பு வரும். எதில் நீங்கள் நிலைத்து நிற்பீர்களோ அதைச் செய்யுங்கள்.

ஒரு விவரம் தெரிந்திருக்கட்டும். 2022ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சம் வரையுள்ள குடும்பத்துக்கான நுண்கடனில், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வந்து நிற்கக் கூடாது.

கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து கத்துகிறார். பிள்ளைகள் நடுங்குகிறார்கள். வாங்கியது நான்தானே, பொறுத்துத்தானே போக வேண்டும்?

இல்லை. வாங்கிய அசலுக்கு நீங்கள் பொறுப்பு. மிரட்டலுக்குப் பொறுப்பு அல்ல. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கவே தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டம் வந்தது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதுவரை கட்டிய தொகைகளை எழுதிக்கொண்டு, தனியாகப் போகாமல் சபைப் பெரியவர்கள் இரண்டு பேரோடு காவல் நிலையத்துக்கோ ஆட்சியர் குறைதீர் கூட்டத்துக்கோ போங்கள். பவுலும் தன் ரோமக் குடியுரிமையைச் சொல்லித்தான் சவுக்கடியைத் தடுத்தார்.

2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக்கு ஒரு குடும்பமே பலியானதை நம்மால் மறக்க முடியாது. உயிரை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றினாலும் உடனே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை இரவிலும் அழைக்கலாம். பணம் எப்படியும் கட்டப்படும், அல்லது கட்டப்படாமல் போகும். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் வேண்டும்.

உபவாசித்து ஜெபித்தால் கடன் தீர்ந்துவிடாதா?

முதல் பதிலில் சொன்ன விதவையிடம் போவோம். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் கூக்குரலிட்டாள், மறைக்கவில்லை. எலிசா கேட்டது, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது" என்று. ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அயல்வீட்டாரிடமெல்லாம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார். ஊருக்கே அவள் நிலை தெரிந்திருக்கும்; ஊரின் பாத்திரங்கள் இல்லாமல் எண்ணெய்க்கு இடமும் இருந்திருக்காது. பிள்ளைகள் எடுத்துக் கொடுக்க, அவள் வார்த்தாள்.

எண்ணெய் பெருகியது அற்புதம். ஆனால் கடன் பத்திரம் மாயமாய் மறைந்துவிடவில்லை. எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு ஜீவனம் பண்ணு என்றார் எலிசா. அந்த வரிசையை நான் பல முறை யோசித்திருக்கிறேன்: முதலில் கடன், பிறகு சாப்பாடு. ஜெபியுங்கள், கட்டாயம் ஜெபியுங்கள். ஜெபத்திலிருந்து எழுந்ததும், வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

வங்கி "செட்டில்மென்ட்" செய்யலாம், குறைத்துக் கட்டினால் போதும் என்கிறது. விசுவாசி அதை ஏற்கலாமா?

முடியாமல் குறைத்துக் கட்டுவதும் முடிந்தும் கட்டாமல் இருப்பதும் ஒன்றல்ல. வேலை போய், நோய் வந்து, உண்மையாகவே வழியில்லாதபோது, கொடுத்தவர் சம்மதித்துக் குறைத்தால் அதை நன்றியோடு ஏற்கலாம். ஏழாம் வருடத்தில் கடனை விட்டுவிடும் விடுதலையைச் சட்டமாக்கியவர் இதைக் குற்றமாக எண்ணுவார் என்று நான் நம்பவில்லை. பணத்தை மனைவி பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு "இல்லை" என்று கையை விரிப்பது சங்கீதம் 37:21க்குள் வரும். உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் "செட்டில்டு" என்று பதிவாகும், பின்னால் கடன் கிடைப்பது கடினமாகும் என்பதையும் அறிந்து செய்யுங்கள். தனிமனிதரிடம் வாங்கியதானால், பிற்காலத்தில் வசதி வரும்போது மீதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்படிப் பதினான்கு ஆண்டு கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்த ஒருவரோடு நான் துணைக்குப் போயிருக்கிறேன். அன்று கடன் கொடுத்திருந்தவர் பணத்தை எண்ணவில்லை, இருவரும் அழுதார்கள்.

கடைசித் தவணையும் கட்டிவிட்டேன். இனி ஏதாவது செய்ய வேண்டுமா?

உண்டு, இதைத்தான் பலர் மறக்கிறார்கள். நிலுவையில்லைச் சான்று வாங்குங்கள். வீட்டுப் பத்திரத்தை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதம் அதன் தவறானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அடமானம் பதிவாகியிருந்தால் அதை ரத்து செய்து, புதிதாக வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். தனியாரிடம் வாங்கியிருந்தால் புரோநோட்டையும் தேதி போடாமல் கொடுத்த காசோலைகளையும் கையில் வாங்கும்வரை அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள்.

நமக்கு விரோதமாயிருந்த "கையெழுத்தைக் குலைத்து" என்று கொலோசெயர் 2:14இல் வருகிறதே, அந்தக் கிரேக்கச் சொல் கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் பத்திரத்தைக் குறிப்பது, நம் புரோநோட்டுத்தான். அப்பா சம்பளப் பிடித்தம் முடிந்த அன்று திருப்பி வாங்கிய ஜாமீன் பத்திரத்தைக் கிழிக்கவில்லை. குறுக்கே இரண்டு கோடு போட்டு, தேதி எழுதி, வேதாகமத்தில் அந்தப் பக்கத்தில் வைத்தார். இப்போது அந்த வேதாகமம் என்னிடம் இருக்கிறது. தாள் பழுப்பேறிவிட்டது, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அப்பா போட்ட கையெழுத்து மட்டும் தெளிவாகத் தெரிகிறது.